சாடைச் செடிகள்

பேருந்து நிலையத்தில் அவளுடைய குரலைக் கேட்காமல் யாரும் ஊருக்குப் போனதில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்களும் இல்லை. மாடியில் கண்ணாடி அடைத்த சின்ன அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்குவாள். எந்த வண்டி, எந்த வழி, எந்த நடைமேடை, எப்போது புறப்படும் என்பதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்லி முடிப்பாள். கைக்குழந்தைக்காரி, காது மந்தமானவர், முதல் தடவையாக ஊரை விட்டுக் கிளம்புகிறவன், எல்லோருக்கும் விளங்கிவிடும். நிலையத்துக் கடைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் மைக் அக்கா. அந்தப் பெயர் அவளோடு வண்டியேறி வீடு வரைக்கும் வந்து, அங்கேயே குடியிருக்கத் தொடங்கிவிட்டது.

இத்தனை நேராகப் பேசத் தெரிந்தவள் வீட்டில் ஒரு நாளும் நேராகப் பேசியதில்லை. புருஷனுக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்க மாட்டாள். "சிலருக்கு வாயைத் திறந்து கேட்டா முத்து உதிர்ந்துடும்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மேலே போனது கீழே வந்துதான் ஆக வேண்டும் என்கிற நிதானம் அவருக்குத் தொழிலோடு வந்தது. "அடுப்பே, ஒரு டம்ளர் போடச் சொல்லு" என்பார். அவர்களுடைய இல்லறம் அடுப்பு, கதவு, மிக்ஸி ஆகியவற்றின் வழியாகச் சிக்கலில்லாமல் நடந்துகொண்டிருந்தது. நேர்ப்பேச்சு சம்பளத்துக்கு, சாடைப்பேச்சு சொந்தக்காரர்களுக்கு என்று அவள் பங்கு பிரித்து வைத்திருந்தாள் போலும்.

சாடை என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு வேலை. ஒன்றைச் சொல்கிற மாதிரி இன்னொருவரைச் சொல்வதும் சாடைதான்; ஒருவர் முகத்தில் இன்னொருவர் முகம் தெரிவதும் சாடைதான். மைக் அக்காவுக்கும் அவள் தங்கைக்கும் இரண்டாவது சாடை அபாரமாக இருந்தது. அதே மூக்கு, அதே நடை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அதே குரல். சின்னவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் ஒரு பார்வையில் மருந்தின் பெயரைச் சொல்லிவிடுவாள். கடைக்கு வருகிறவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டுல பேசறது நீங்கதானே?" என்று கேட்பார்கள். "அது என் அக்கா. நான் மைக் இல்லாத மாடல்" என்பாள்.

இரண்டு கட்டடங்கள் எதிரும் புதிருமாக நின்றன. கட்டியவர் இடத்தை வீணாக்கப் பிடிக்காதவர். ஆகவே ஒரு பால்கனிக்கும் எதிர்ப் பால்கனிக்கும் நடுவில், கையை நீட்டினால் எட்டாது, துணி காயப்போடும் கொம்பை நீட்டினால் எட்டும் என்கிற அளவுக்கே வானம் விட்டிருந்தார். அக்கா இந்தப் பக்கம் மூன்றாம் மாடி. எதிர் மூன்றாம் மாடி காலியானதும் சின்னவள் ஓடி வந்து அதைப் பிடித்தாள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். "எனக்குன்னு ஒரு வீடு, எதிர்ல என் அக்கா. இன்னும் என்ன வேணும்?" என்றாள். அந்தக் கொம்பின் நுனியில் ஒரு துணிப்பை தொங்கியது. சர்க்கரை, பத்திரிகை, தலைவலி மாத்திரை எல்லாம் அதில் போய் வந்தன. அக்காவின் மகள் சிறுமியாக இருந்தபோது தன்னையும் அந்தப் பையில் வைத்து அனுப்பச் சொல்லி அழுதிருக்கிறாள். யாரும் அனுப்பவில்லை. ஆனாலும் அவள் வளர வளரப் பாதி அந்தப் பக்கம்தான் இருந்தாள்.

சண்டை அந்த மகளால் வந்தது. அவளுக்கு ஒருவனைப் பிடித்திருந்தது. அவனுக்கு வேலை தூரத்து ஊரில். அங்கேயே வேலை தேடிக்கொண்டு, அங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்வதென்று முடிவெடுத்து, அதைச் சித்தியிடம்தான் முதலில் சொன்னாள். அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், அதுவரை மூச்சு விடக் கூடாதென்றும் கேட்டுக்கொண்டாள். சின்னவள் மூச்சு விடவில்லை. பெண் அம்மாவிடம் சொன்னபோது பெட்டி கட்டி முடிந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், மைக் அக்காவுக்கு அந்தப் பையனிடம் ஒரு குறையும் தெரியவில்லை. முன்னாலேயே கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பாள். சம்மதிக்கிற வாய்ப்பைத் தனக்குத் தரவில்லை என்பதுதான் வழக்கு. "ஊருக்கெல்லாம் எந்த வண்டி எப்போ கிளம்புதுன்னு என் வாயாலதான் தெரியுது. என் வீட்டு வண்டி கிளம்பினது மட்டும் எனக்குத் தெரியலை" என்று கதவிடம் சொன்னாள். பிறகு பால்கனிக்குப் போனாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கொஞ்ச நாளா" என்றாள் சின்னவள், எதிர்ப் பக்கம் துணி மடித்தபடி.

"கொஞ்ச நாள்னா?"

"அவளே சொல்றேன்னு சொன்னாக்கா. நடுவுல நான் எதுக்கு?"

"இத்தனை வருஷமும் நடுவுலதானேடி இருந்தே! அப்பல்லாம் தெரியலையா, இது நடுவுன்னு?"

சின்னவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கா கொம்பில் மாட்டியிருந்த பையைக் கழற்றினாள். அவர்கள் நேருக்கு நேராகப் பேசியது அதுதான் கடைசி.

ஆனால் முகத்தை என்ன செய்வது? காலையில் பல் துலக்க வந்தால் எதிரில் அவள். துணி காயப்போட வந்தால் எதிரில் அவள். அதுவும் தன்னுடைய மூக்கையே மாட்டிக்கொண்டு நிற்கிறாள். லிஃப்ட்காரர் ஒரு யோசனை சொன்னார்.

"ஒரு திரையைக் கட்டிட்டா வேலை முடிஞ்சுது."

"திரை கட்டினா அவளுக்குப் பயந்து நான் ஒளிஞ்ச மாதிரி இருக்கும். செடி வச்சா செடி வச்ச மாதிரி இருக்கும்."

இப்படியாகத்தான் அந்தக் குடியிருப்பின் புகழ்பெற்ற பசுமை தொடங்கியது. செடிக்கடைக்காரர் என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டார். பூ வேண்டுமா, வாசனை வேண்டுமா, சும்மா பச்சையாக இருந்தால் போதுமா?

"எதிர்ப் பக்கம் தெரியக் கூடாது."

"ஓ, எதிர்வெயிலா?"

"ஆமா. பொல்லாத வெயில்."

அவர் மணி பிளான்ட், சங்குப்பூக் கொடி, காகிதப்பூ என்று எடுத்துக் கொடுத்தார். காகிதப்பூவுக்கு முள் உண்டு, பார்த்துக் கையாள வேண்டும் என்றார். "முள்ளா? அப்ப அதுலயே இன்னொண்ணு குடுங்க" என்றாள்.

வெறுப்பு நல்ல உரம் என்று நினைத்தால் அது தப்பு. முதல் வருடம் பாதிச் செடி செத்தது. அவசரக்காரி; சீக்கிரம் வளர வேண்டுமென்று வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினாள். மேலே இலை பளபளவென்று இருக்கும். ஒரு நாள் தொட்டால் தண்டு கையோடு வரும். அடியில் வேர் கறுத்துக் கூழாகி, சாக்கடை வாடை அடிக்கும். பழைய வாளிகளில் ஓட்டை போடாமல் நட்டதால் வந்த வினை. பிறகு ஆணியைச் சுட்டு அடியில் ஓட்டை போட்டாள். மண்ணோடு தென்னை நார்த்தூளைக் கலந்தாள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டாள். மனிதர்கள் விஷயத்தில் அந்தச் சும்மா இருப்பது அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. ஓட்டை போட்டதும் தண்ணீர் கீழ்வீட்டுக் கைப்பிடியில் சொட்டியது. கீழ்வீட்டில் இருந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவர் தலையைத் துடைத்துக்கொண்டே மாடியேறி வந்து சட்டம் பேசிவிட்டுப் போனார். அதன்பின் ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் தட்டு வைத்தாள். மாவுப்பூச்சி வந்தது, சோப்புத் தண்ணீர் அடித்தாள். கம்பிக்குக் கம்பி கயிறு கட்டிக் கொடியை ஏற்றினாள். இரண்டாம் வருடம் பச்சை இடுப்பளவு வந்தது. அதற்கடுத்த வருடம் ஆள் உயரம்.

எதிர்ப் பக்கம் சின்னவளும் சும்மா இருக்கவில்லை. ஒரு ரோஜா, ஒரு கற்றாழை, உடைந்த குடத்தில் ஒரு செம்பருத்தி என்று வைத்தாள். மறைப்பதற்கு அல்ல, பதில் சொல்லச் செடி வேண்டுமே.

ஏனென்றால் சாடை அதற்குள் ஆரம்பமாகியிருந்தது. அக்காதான் தொடங்கினாள். ஒரு காலையில் மணி பிளான்ட்டின் இலையைத் துடைத்துக்கொண்டே, தன் தொழில் குரலில், எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடி வரை கேட்கும்படி சொன்னாள்:

"உனக்கு மண்ணும் வேண்டாம், வேரும் வேண்டாம். அடுத்தவ வீட்டுப் பாட்டில் தண்ணி கிடைச்சாப் போதும், ஜாலியா வளர்ந்துடுவே!"

எதிர்ப் பக்கம் வாளியில் தண்ணீர் நிறைகிற சத்தம் கேட்டது. பிறகு பூவாளியின் தூறல் சத்தத்தோடு சின்னவளின் குரல் ரோஜாவிடம் பேசியது:

"கண்ணு, கொடியைக் கம்பியோட சேர்த்து இறுக்கி இறுக்கிக் கட்டி வச்சா, அது எட்டின பக்கம் ஓடத்தான் செய்யும். இது கட்டினவங்களுக்குப் புரியாது, கொடிக்குப் புரியும்."

லிஃப்ட்காரர் உள்ளே பத்திரிகையைத் தாழ்த்திவிட்டு, "நல்ல அடி" என்றார். அன்று அவருக்குத் தேநீர் கிடைக்கவில்லை.

இந்தப் பேச்சுக்கு எழுதாத இலக்கணம் உண்டு. எதிராளியைப் பார்க்கக் கூடாது. கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். செடியை நீ என்றுதான் சொல்ல வேண்டும். வந்த அடிக்கு உடனே பதில் சொன்னால் உறைத்துவிட்டது என்று அர்த்தம்; ஆகவே ஒரு வாளித் தண்ணீர் பிடிக்கிற நேரமாவது பொறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் முதலில் செடியை விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள்.

அக்கா காத்திருந்ததும் அந்தத் தோல்விக்குத்தான். எதிர்ப் பக்கத்திலிருந்து அக்கா என்று ஒரு தடவை கேட்டால் போதும். கத்தரிக்கோலை எடுத்து எல்லாக் கொடியையும் வெட்டித் தள்ளிவிட்டுக் கொம்பை நீட்டியிருப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பச்சைச் சுவரில், அவள் நின்றால் கண் மட்டத்துக்கு வருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. அந்தப் பக்கம் எந்தத் தளிர் எட்டிப் பார்த்தாலும் கிள்ளிவிடுவாள். புருஷன் கேட்டபோது, "காத்து வர வேண்டாமா?" என்றாள். காற்று அந்த வழியாகத்தான் வரும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அந்தக் காற்றில் சின்னவள் மெலிந்திருக்கிறாளா, புதுப் புடவை கட்டியிருக்கிறாளா, ஜுரமா என்பதெல்லாம் சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால், சண்டைக்கு முன்பு அவர்கள் இவ்வளவு பேசியதே கிடையாது. முன்பெல்லாம் சர்க்கரை இருக்கிறதா, இருக்கிறது, அதோடு சரி. இப்போதோ இரண்டு பேரும் வேலைக்கு நடுவிலும் அடுத்த வாக்கியத்தை யோசித்தார்கள். "ஒண்டியா நிக்கிற செடிக்கு எல்லாரும் தன்னையே பார்க்கறாங்கன்னு நினைப்பு" என்று அக்கா ஒரு வாரம் செதுக்கிய வாக்கியத்தைக் கற்றாழையை நோக்கி விட்டெறிந்தால், "கத்தாழே, உன்னை வெட்டினா மருந்தாவது வரும். சில பேரை வெட்டினா சத்தம்தான் வரும்" என்று சின்னவள் மறுநாள் முடித்துவைப்பாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். சங்குப்பூவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பாள். எதிர்ப் பக்கமும் முதுகு குலுங்குவதை இடைவெளி வழியாகப் பார்த்திருக்கிறாள். ஆனால் சிரித்ததற்காக யாராவது சமாதானமாகிவிடுவார்களா?

குடியிருப்பில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அக்காளும் தங்கையும் செடிகளோடு பிள்ளைகள் மாதிரி பேசுகிறார்கள், அதனால்தான் இப்படிச் செழிக்கிறது என்று பேச்சு. முன்பு தலையைத் துடைத்துக்கொண்டு வந்த செயலாளரே இப்போது பொன்னாடை போட வந்தார். சிறந்த பசுமைப் பால்கனி என்று ஒரு பரிசு ஏற்படுத்தி, கூட்டம் போட்டு, "செடிகளிடம் அன்பாகப் பேசினால் அவை வளரும் என்பதற்கு இந்த அம்மையாரே சாட்சி" என்றார். பரிசு ஒரு பிளாஸ்டிக் பூச்செடி. தொட்டியும் பிளாஸ்டிக். மைக் அக்கா அதை வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்த தங்கையைப் பார்க்காமல் பார்த்தாள். மறுநாள் எதிர்ப் பக்கம் சின்னவள் தன் ரோஜாவிடம் சொன்னாள்: "உனக்கு ஏன் பரிசு வரலைன்னு தெரியுமா? நீ நிஜம்."

அடுத்த வருடம் கோடை விடுமுறைக்கு மகள் வருவதாக இருந்தது. மைக் அக்கா அறையை ஒழித்து, புது விரிப்புப் போட்டு வைத்திருந்தாள். கிளம்புகிற வாரத்தில், வேலை நெருக்குவதால் வர முடியவில்லை என்று பெண் போனில் சொல்லிவிட்டாள். அக்கா போனை வைத்துவிட்டு விரிப்பை மடித்தாள். அழுததைப் புருஷனுக்குக் காட்டக் கூடாதென்று பூவாளியை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். இடைவெளி பக்கம் போகவில்லை, கண் சிவந்திருந்தது.

எதிர்ப் பக்கம் சின்னவள் ஏற்கெனவே நின்றிருந்தாள் போலிருக்கிறது. குரல் வந்தது. வழக்கமான குரல் இல்லை. மருந்துக்கடையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது வாடிக்கையாளரிடம் பேசுகிற தணிந்த குரல்.

"பார்க்க வேண்டியவங்க பார்த்தாச்சு, கண்ணு. வேர்ல பிடிச்சிடுச்சாம். மேல பச்சையா இருக்கறதை வச்சு நம்பிடக் கூடாதாம். இனிமே தண்ணி ஊத்தினாலும் ஒண்ணுதான், ஊத்தாட்டியும் ஒண்ணுதான்." குரல் இன்னும் தணிந்தது. "பக்கத்துல யாராவது இருந்தா நல்லா இருக்கும். வேற ஒண்ணும் வேண்டாம்."

மைக் அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெண் வரவில்லை என்பது அதற்குள் அங்கே போய்விட்டது! இந்த முறையும் அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது! உன் குடும்பத்துக்கு வேரே போய்விட்டது, மேலுக்குத்தான் பச்சை, பக்கத்தில் யாருமில்லாமல் கிட என்கிறாள். ஒரு வாளித் தண்ணீர் பிடிக்கிற நேரம்கூடப் பொறுக்காமல், கையிலிருந்த பூவாளியைத் தரையில் ஓங்கி வைத்துவிட்டு, காகிதப்பூவிடம் சொன்னாள்:

"அழுகினதுக்கு என்ன சீராட்டு? பிடுங்கித் தூர எறிஞ்சா இடமாவது மிச்சமாகும்!"

எதிர்ப் பக்கம் தொட்டி ஒன்றை ஓரமாக நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி" என்றது குரல். அவ்வளவுதான். கதவு சாத்துகிற சத்தம்.

உள்ளேயிருந்து லிஃப்ட்காரர் எழுந்து வந்தார்.

"என்னம்மா இது, அவ நிஜமாவே செடியைப் பத்திப் பேசின மாதிரி இருந்துதே? ரோஜாவுக்கு ஏதோ வேர்நோய் போல."

"உங்களுக்கு என்ன தெரியும்? அவ என்னிக்குச் செடியைப் பத்திப் பேசியிருக்கா?"

இரண்டு பேரும் தப்பு. அதில் அவள் சொன்னது மட்டும் பாதிக்கு மேல் சரி.

அன்று மாலையே அவள் சங்குப்பூவின் நுனியை எடுத்து அந்த இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். மழை பெய்தது. சில வாரங்களில் சுவர் முழுச் சுவராகிவிட்டது. எதிர்ப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை, மாதமாயிற்று, வரவில்லை. அந்த அடி அப்படி விழுந்திருக்கிறது என்று நினைத்தாள். ஜெயித்தவர்கள் நிறுத்த மாட்டார்கள். அவளும் தினமும் ஏதாவது சொன்னாள். நல்ல நல்ல வாக்கியங்கள், பாவம், பதிலில்லாமல் வீணாய்ப் போயின.

"எதிர்ல ஆள் அரவமே காணோமே" என்றார் புருஷன்.

"தோத்தவங்க வாயை மூடிக்கிட்டுத்தான் இருப்பாங்க."

"கொஞ்சம் விலக்கிப் பாரேன்."

"நான் எதுக்குப் பார்க்கணும்? பார்க்கக் கூடாதுன்னுதானே வளர்த்தது?"

அவர் பத்திரிகையை எடுத்துக்கொண்டார். மகளும் போன் செய்வதை நிறுத்தியிருந்தாள். இவள் செய்தால் எடுப்பதில்லை. இதுவும் சித்தியின் போதனை என்று மைக் அக்கா கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

வார விடுமுறை நாள் ஒன்றில், பகல் சாப்பாடு முடிந்து அவள் பழுத்த இலை கிள்ளிக்கொண்டிருந்தபோது எதிர்ப் பக்கம் கதவு திறந்தது. தொட்டி ஒன்றைத் தரையில் இழுக்கிற சத்தம். பிறகு இருமல், தொண்டையைச் செருமுவது. அதே செருமல். மைக் அக்கா கிள்ளிய இலையைக் கீழே போட்டாள். அவளே எதிர்பாராத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை நாளாகத் தயார் செய்த வாக்கியம்!

"அடடா, காணாம போனது திரும்பி வந்துடுச்சு! பிடுங்கி எறிஞ்சாலும் முளைக்கிற களைதானே நீ? சரி சரி, வந்தது வந்தே, தலையை நீட்டு, தண்ணி ஊத்தறேன்."

கடைசி வரி அவளை அறியாமல் வந்தது. அது சாடையில் சேர்ந்ததில்லை. கிட்டத்தட்ட அழைப்பு.

தொட்டி இழுக்கிற சத்தம் நின்றது.

"அம்மா" என்றது எதிர்ப் பக்கம்.

அக்கா என்ற சொல்லுக்காக இத்தனை வருடம் காத்திருந்த காதுக்கு அது என்ன சொல் என்று சட்டென்று புரியவில்லை. குரல் சின்னவளின் குரல், சொல் வேறு. சாடை அக்காவோடும் தங்கையோடும் நின்றுவிடவில்லை. அடுத்த தலைமுறைக்கும் போயிருந்தது.

"நீயா? நீ எப்போ வந்தே? அங்கே என்ன பண்றே?"

"வீட்டைக் காலி பண்ணிக் குடுக்க வந்தேன்."

"ஏன், அவ எங்கே?"

இலைகளுக்கு அந்தப் பக்கம் பெட்டி ஒன்றைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"உனக்குத் தெரியும்தானே?"

"என்ன தெரியும்? எனக்கு யார் சொன்னா? எனக்கு எதையாவது யாராவது சொன்னதுண்டா?"

"சித்தி சொன்னாளே. உன்கிட்ட சொல்லிட்டேன்னாளே. வேர்ல பிடிச்சிடுச்சு, இனி ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு. நீ பதில்கூடச் சொன்னியாமே, அழுகினதைப் பிடுங்கித் தூர எறியணும்னு." பெண்ணின் குரல் உடைந்து, மறுபடியும் கெட்டியானது. "அதுக்கப்புறம் நான் உன்கிட்ட என்னம்மா பேசறது? சித்தியை என்கிட்ட கூட்டிக்கிட்டேன். நான்தான் பார்த்துக்கிட்டேன். போன மாசம் முடிஞ்சு போச்சு."

மைக் அக்கா கொடியைப் பிடித்துக்கொண்டாள். காகிதப்பூவின் முள் உள்ளங்கையில் ஏறியது.

"அவ ரோஜாகிட்ட பேசிக்கிட்டிருந்தா" என்றாள்.

"ஆமா. நீங்க ரெண்டு பேரும் வேற எப்படிப் பேசினீங்க?"

"எனக்குச் சொல்லி அனுப்பக் கூடாதா? கடைசியிலயாவது?"

"சித்தி வேண்டாம்னு சொல்லலை. நான்தான் சொல்லலை. 'உங்கம்மாவுக்குப் புரியலைடி, புரிஞ்சிருந்தா அப்படிச் சொல்ல மாட்டா'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னா. நான் நம்பலை. அப்படீன்னா நேராவே ஒரு வார்த்தை சொல்லிடேன்னேன். 'நேரா பேசி எங்களுக்குப் பழக்கம் விட்டுப் போச்சு'ன்னு சிரிச்சா."

டாக்டர்களின் கிறுக்கலெல்லாம் படித்தவள். எதிரே இருப்பவள் தன் கிறுக்கலைப் படித்துவிடுவாள் என்று நம்பிவிட்டாள்.

மைக் அக்கா இலைகளை விலக்கப் பார்த்தாள். வரவில்லை. மணி பிளான்ட்டும் சங்குப்பூவும் காகிதப்பூவும் ஒன்றின் கழுத்தில் ஒன்று கையைப் போட்டுக்கொண்டு, எது யாருடைய தண்டு என்று தெரியாதபடி பின்னிக் கிடந்தன. அத்தனை அக்கறையாக வளர்த்தது. கத்தரிக்கோலைத் தேடினாள், கிடைக்கவில்லை. கையாலேயே பிய்த்தாள். ஒரு கண் அளவுக்கு வழி கிடைத்தது. அந்தப் பக்கம் பெண்ணின் தோளும், சுவரோரம் நாலைந்து அட்டைப் பெட்டிகளும் தெரிந்தன.

"என்ன பஸ்ல போனா?" என்று கேட்டாள். எதற்காக அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"உங்க ஸ்டாண்டுலேர்ந்துதான். நான் வந்து கூட்டிக்கிட்டுப் போனேன். நீதான் அறிவிப்புக் குடுத்தே. வண்டி கிளம்பற வரைக்கும் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்ச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தா. 'பாரு, எங்கக்கா வழியனுப்பறா'ன்னா."

எந்த வழியாக, எந்த நடைமேடையிலிருந்து, எப்போது என்று ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்லியிருப்பாள். சந்தேகமே இல்லை.

பெண் மாலையில் வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அப்பாவின் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றாள். தங்கவில்லை. பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மழைத் தண்ணீரிலேயே பிழைத்துக் கிடந்த ரோஜாத் தொட்டியை மட்டும் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "இதை நான் எடுத்துக்கிட்டுப் போக முடியாது" என்றாள். அது சாடையா, நேர்ப்பேச்சா என்று மைக் அக்காவுக்குத் தெரியவில்லை. இனி எதுவும் அப்படித் தெரியப்போவதில்லை.

பசுமை அப்படியேதான் இருக்கிறது. பேசுவதை நிறுத்திவிட்டால் வாடும் என்று யாராவது நினைத்தால், அதெல்லாம் ஒன்றுமில்லை. அவள் பால்கனியில் வாயே திறப்பதில்லை, கொடிகள் முன்னைவிட ஜோராகப் படர்கின்றன. செயலாளர் இந்த வருடமும் அவளுக்குத்தான் பரிசு என்கிறார். எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பச்சைச் சுவரைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல மனது உள்ளவர்கள் எதிரில் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று சொன்னதாகக் கேள்வி.

ரோஜா சில நாள் தட்டில்லாமல் ஒரு மூலையில் இருந்தது. பிறகு ஒரு காலையில் அவள் பத்திரிகையை விரித்து, தொட்டியைச் சாய்த்து, அடியைத் தட்டி, செடியை மண்ணோடு வெளியே எடுத்தாள். லிஃப்ட்காரர் வாசற்படியில் வந்து நின்றார். அவள் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தாள். பக்கத்தில் வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து, விரலால் வேர்களைப் பிரித்துப் பார்த்தாள். கறுப்பு இல்லை. கூழ் இல்லை. மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள், வாடை இல்லை. நாலா பக்கமும் வெள்ளையாக, கெட்டியாக, இழுத்தால் அறாத வேர்.

"என்னம்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர்.

அவள் அடுப்பைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமா. செடிக்கு ஒண்ணுமில்லை."